மாண்டலேக்கு அனுப்பிய மண்சட்டி ஏழில் மூன்று உடைந்துவிட்டது, எங்கே தப்பு?

மண்சட்டிக்காரி | ஜூலை 6, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். யாங்கோனில் வீட்டிலிருந்தபடியே பேஸ்புக் பக்கம் வைத்து, பக்கத்துத் துவாண்டே ஊரில் செய்யும் மண்சட்டியும், நானே போடும் ஊறுகாயும் விற்கிறேன். ஊருக்குள் விற்றவரை கவலை இல்லை, தம்பி கையில் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவான். இப்போது மாண்டலே, மோல்மீனிலிருந்தும் கேட்கிறார்கள். போன வாரம் மாண்டலேக்கு ஒரே பெட்டியில் ஏழு சட்டி வைத்து, அவுங் மிங்கலா பஸ் நிலையத்தில் ஒரு கார் கேட்டில் (பார்சல் எடுக்கும் பஸ் கம்பெனி கவுண்டர்) போட்டேன். போய்ச் சேர்ந்தபோது மூன்று உடைந்திருந்தன.

ஒவ்வொன்றுக்கும் பபிள் ஷீட் இரண்டு சுற்று சுற்றியிருந்தேன். பெட்டியின் நான்கு பக்கமும் 'கண்ணாடி, கவனம்' என்று பர்மியத்தில் சிவப்பு மையில் எழுதியிருந்தேன். வாங்கிய அக்கா நல்லவர், திட்டவில்லை, படம் மட்டும் அனுப்பினார். பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். கார் கேட்டில் கேட்டால் 'வந்ததை ஏற்றினோம், இறக்கினோம்' என்கிறார்கள்.

இன்னும் எத்தனை சுற்று சுற்ற வேண்டும், சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை | ஜூலை 6, இரவு 10.15

சுற்றை அப்புறம் எண்ணலாம். எந்த மூன்று உடைந்தது? மேலே இருந்ததா, அடியில் இருந்ததா? விளிம்பா, வயிறா? என்ன பெட்டி? நாடி பார்க்காமல் மருந்து கேட்கிறீர்களே அம்மா.

மண்சட்டிக்காரி | ஜூலை 6, இரவு 10.50

அந்த அக்காவிடம் மறுபடி கேட்டேன். அடியில் இருந்த இரண்டு, மூலையில் இருந்த ஒன்று. அடியில் இருந்தவற்றுக்கு விளிம்பு போயிருக்கிறது, மேல் சட்டியின் அடிப்பக்கம் கீழ்ச் சட்டிக்குள் இறங்கி உட்கார்ந்திருந்ததாம். மூலைச் சட்டி இரண்டாகப் பிளந்துவிட்டது.

பெட்டி, மளிகைக்கடையில் வாங்கிய பழைய நூடுல்ஸ் பெட்டி. அன்றைக்கு நல்ல மழை. படத்தில் பெட்டியின் தலை உள்வாங்கியிருக்கிறது, ஒரு மூலை ஊறிப்போய் மடங்கியிருக்கிறது. மேலே நான்கு விரல் இடம் காலியாக இருந்தது, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். டேப் போட்டு மூடினால் போதும் என்று நினைத்தேன்.

பழைய லக்கேஜ் கிளார்க் | ஜூலை 7, காலை 6.20

பதினோரு வருஷம் கார் கேட்டில் பார்சல் எழுதியவன் நான். இப்போது அந்த வேலையில் இல்லை, அதனால் தைரியமாகச் சொல்கிறேன்.

உங்கள் பெட்டி பயணிகள் பஸ்ஸின் அடிவயிற்றில் போகிறது. அங்கே முதலில் ஏறுவது அரிசி மூட்டை, துணி மூட்டை, மோட்டார் சாமான். சின்னப் பெட்டிகளைச் சந்து பார்த்துச் சொருகுவார்கள். உங்கள் வீட்டிலிருந்து டாக்சி, டாக்சியிலிருந்து கேட், கேட்டிலிருந்து பஸ், மாண்டலேயில் பஸ்ஸிலிருந்து தரை, தரையிலிருந்து மோட்டார் சைக்கிள், கடைசியாக அந்த அக்கா வாசல். ஆறு கை. யாரும் வேண்டுமென்று எறிவதில்லை. பஸ் கிளம்பப் பத்து நிமிடம் இருக்கும்போது நாற்பது பெட்டி மீதி இருக்கும், அப்போது எறிவோம்.

எழுத்தைப் பற்றி ஒரு ரகசியம். 'கண்ணாடி' என்று எழுதியிருந்தால் பையன்கள் நல்ல மனதோடு அதை எல்லாவற்றுக்கும் மேலே வைப்பார்கள். பஸ் குலுங்கும்போது மேலே இருப்பதுதான் முதலில் விழும். எழுதாதீர்கள் என்று சொல்லவில்லை, 'இந்தப் பக்கம் மேலே' என்று அம்புக்குறி போட்டால் ஓரளவு பயன் உண்டு. ஆனால் யாருமே படிக்கப் போவதில்லை என்று நினைத்துக்கொண்டு பெட்டி கட்டுங்கள்.

இன்னொன்று. இரண்டு கிலோ பெட்டியை ஒரு கையால் தூக்கிப் போடுவார்கள். பன்னிரண்டு கிலோ பெட்டியை இரண்டு கையால் பிடித்து இடுப்புக்குக் கீழே இறக்குவார்கள். சின்னப் பெட்டிக்குத்தான் உயரமான விழுகை. இது தெரியாமல் 'ஒரே ஒரு சட்டிதானே' என்று லேசாகக் கட்டுகிறார்கள்.

பெகு வயல்காரன் | ஜூலை 7, காலை 8.05

இதற்கெல்லாம் எதற்கு பபிள். எங்கள் பக்கம் உமி சும்மா கிடக்கிறது. சட்டியைப் பெட்டியில் வைத்து மேல்வரை உமியைக் கொட்டுங்கள். பாட்டி காலத்தில் முட்டையைக்கூட உமியில்தான் புதைத்து அனுப்பினார்கள். துவாண்டே சட்டிக்காரர்கள் படகில் வைக்கோல் போட்டு அடுக்குவதைப் பார்த்ததில்லையா?

கண்ணாடிக்கடை பாய் | ஜூலை 7, பகல் 1.30

தேஞ்சி மார்க்கெட் பக்கம் முப்பது வருஷமாகக் கண்ணாடிச் சாமான் கடை. தங்கச்சி, உங்கள் சட்டி உடைந்ததற்கு மூன்று தனித்தனிக் காரணம் இருக்கிறது, ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

அடிச்சட்டி விளிம்பு போனது மேல்சட்டி இடித்ததால். கார் கேட்டுக்காரன் மேல் பழி போடாதீர்கள், உங்கள் சட்டியை உங்கள் சட்டியேதான் உடைத்திருக்கிறது. மேலே நான்கு விரல் காலி என்றீர்களே, மாண்டலே போகிறவரை ராத்திரி முழுக்க அந்த நான்கு விரலுக்குள் ஏழு சட்டியும் குதித்துக்கொண்டே போயிருக்கும். குமிழ் ஒவ்வொன்றாக வெடித்து, இரண்டு சுற்று வெறும் பாலிதீன் ஆகிவிடும்.

மூலைச் சட்டி பிளந்தது விழுந்ததால். பெட்டி மூலையிலும் விழும், அங்கே சட்டி அட்டையைத் தொட்டுக்கொண்டு இருந்தால் தப்பிக்காது. பொருளுக்கும் பெட்டிச் சுவருக்கும் இடையில் ஆறு பக்கமும் 5 செ.மீ. மெத்தை வேண்டும். அடியிலும்தான், மேலேயும்தான். நிறையப் பேர் நான்கு பக்கத்தைப் பார்த்துவிட்டு அடியை மறந்துவிடுகிறார்கள்.

தலை உள்வாங்கியது மழையால். இதை நம் ஊரில் யாரும் கணக்கில் எடுப்பதே இல்லை. அட்டை காற்றிலிருந்தே ஈரத்தைக் குடிக்கும். காற்றில் ஈரப்பதம் 50 சதவீதம் இருக்கும்போது தாங்கும் சுமையில், 90 சதவீதத்தில் ஏறக்குறைய பாதிதான் தாங்கும். ஆடி மாதத்து யாங்கோனில் அதைவிடக் குறைவு எங்கே இருக்கிறது? மழையில் நனையவே வேண்டாம், கூரைக்கு அடியில் இரண்டு நாள் கிடந்தாலே போதும். அதிலும் நூடுல்ஸ் பெட்டி மூன்று அடுக்கு அட்டை, ஒரு தடவை சுமை தாங்கி ஓய்ந்தது. மழைக்காலத்தில் ஐந்து அடுக்கு அட்டைப் புதுப்பெட்டி, அதற்கு மேல் பாலிதீன் அல்லது ஸ்ட்ரெட்ச் பிலிம் (இழுத்துச் சுற்றும் மெல்லிய பிளாஸ்டிக்). வேறு வழி இல்லை.

கணக்குப்பிள்ளை | ஜூலை 7, பகல் 2.10

பாய் சொல்வது சரி. ஆனால் ஐந்து அடுக்குப் பெட்டி, பபிள், பிலிம் எல்லாம் சேர்ந்தால் மலிவுச் சட்டிக்குச் சட்டி விலையை நெருங்கிவிடும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

கண்ணாடிக்கடை பாய் | ஜூலை 7, பகல் 2.25

மூன்று சட்டி விலையும் போய், பஸ் கூலியும் போய், பணத்தையும் திருப்பியிருக்கிறார். அதையும் கணக்கில் எழுதுங்கள் பிள்ளைவாள்.

பகான் செப்புக்காரி | ஜூலை 7, மாலை 5.45

பகான் அரக்குச் சாமான் வாங்கி வெளியூருக்கு அனுப்புகிறேன். என் சரக்கு உள்ளே மூங்கில், கீழே விழுந்தால் உடையாது, ஆனால் மேல்பூச்சு கெடும். ஒரு முறை நல்ல வெயில் காலத்தில் பபிள் ஷீட்டை நேராகச் சுற்றி அனுப்பினேன். பஸ் வயிற்றுச் சூட்டில் குமிழ்களின் அச்சு வட்டம் வட்டமாக அரக்கில் பதிந்துவிட்டது. கறுப்புச் செப்பு (மூடி போட்ட அரக்கு டப்பா) அம்மை போட்ட மாதிரி வந்து சேர்ந்தது. அதிலிருந்து முதலில் மெல்லிய வெள்ளைத் தாள், அப்புறம் பருத்தித் துணி, அதற்கு மேல்தான் பபிள். செய்தித்தாளை நேராகச் சுற்றுவதும் கிடையாது, மை ஒட்டும்.

மண்சட்டிக்கு வேறு ஒன்று சொல்ல வேண்டும். மழைக்காலத்தில் மண்சட்டி தானே ஈரத்தை இழுத்து வைத்திருக்கும். அதை அப்படியே பிளாஸ்டிக்கில் சுற்றி இறுக்கினால் மூன்று நாளில் உள்ளே பூஞ்சை. வெயில் வரும் நாளில் காயவைத்து, வெயில் இல்லையென்றால் அடுப்பு ஓரத்தில் வைத்து, முதலில் தாள் சுற்றி, பிறகு மற்றது. எண்ணெய் பழக்கிய சட்டியாக இருந்தால் இன்னும் கவனம் வேண்டும்.

மண்சட்டிக்காரி | ஜூலை 7, இரவு 8.30

அக்கா, பூஞ்சை ஏற்கெனவே ஒரு தடவை வந்தது! துவாண்டேக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று அவரோடு சண்டை போட்டேன். பாவம்.

உமி யோசனையைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லையே? எனக்கு அதுதான் கட்டுப்படியாகும் போலிருக்கிறது.

பழைய லக்கேஜ் கிளார்க் | ஜூலை 7, இரவு 9.00

உமிப் பெட்டிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். கிளம்பும்போது தலை வரை நிறைந்திருக்கும். குலுங்கக் குலுங்க உமி இறங்கும், கனமான பொருள் உமிக்குள் மூழ்கிப் பெட்டியின் அடியைத் தொட்டுவிடும். போய்ச் சேரும்போது மேலே உமி, அடியில் வெறும் அட்டை மேல் சட்டி. பெட்டியில் சின்ன ஓட்டை இருந்தால் பஸ் முழுக்க உமி வேறு. எங்களிடம் திட்டு வாங்கியவர்களில் பாதிப் பேர் உமிக்காரர்கள்.

பெகு வயல்காரன் | ஜூலை 7, இரவு 9.20

நீங்கள் எறிந்ததற்கு உமி என்ன செய்யும்?

பழைய லக்கேஜ் கிளார்க் | ஜூலை 7, இரவு 9.25

நான் பார்சல் எழுதியவன் தம்பி, எறிந்தவன் இல்லை.

கண்ணாடிக்கடை பாய் | ஜூலை 8, காலை 10.10

சண்டை வேண்டாம். உமி கெட்டதல்ல, கொட்டுகிற விதம்தான் கெட்டது. உமியைக் கையளவுப் பாலிதீன் பைகளில் முக்கால்வாசி நிரப்பி, வாயைக் கட்டி, சின்னச் சின்னத் தலையணையாக வையுங்கள். பைக்குள் இருப்பது இறங்கி ஓடாது. முக்கால்வாசி ஏன் என்றால், முழுக்க அடைத்த பை கல் மாதிரி ஆகிவிடும், அமுங்காது.

அமுங்குவதுதான் மெத்தையின் வேலை. 76 செ.மீ. உயரத்திலிருந்து விழும் சட்டி ஒரு செ.மீ. தூரத்துக்குள் நின்றால், அது தன் எடையைப் போல் சுமார் 76 மடங்கு அடி வாங்குகிறது. அதே சட்டி மெத்தையில் நான்கு செ.மீ. அமுங்கி நின்றால் அடி சுமார் 19 மடங்குதான். சட்டி அதே சட்டி, உயரமும் அதே உயரம். அதனால் 'இறுக்கமாக அடை' என்று யாராவது சொன்னால் பாதிதான் கேளுங்கள். பொருள் அசையக் கூடாது, ஆனால் அதைச் சுற்றியிருப்பது அமுங்க வேண்டும். பழைய துணியை உதைத்து உதைத்து அடைக்கிறவர்கள் சட்டிக்குச் சுவர் கட்டுகிறார்கள்.

கப்பல் காலத்திலும் இதே தலைவலி. 1752இல் தென்சீனக் கடலில் மூழ்கிய கெல்டர்மால்சன் என்ற டச்சுக் கப்பலில் ஒரு லட்சத்துக்கும் மேல் சீனப் பீங்கான் இருந்தது, தேயிலைச் சரக்கோடு சேர்த்து அடுக்கியிருந்தார்கள். 1985இல் வெளியே எடுத்தபோது ஏராளமானவை முழுசாக இருந்தன. தேயிலையும் விலைச் சரக்கு, மெத்தையும் அதுவே! நமக்கு அந்த வசதி இல்லை.

தங்கச்சி ஊறுகாய் என்றதும் ஞாபகம் வந்தது. இந்தியிலும் உருதுவிலும் ஊறுகாய் ஜாடிக்கு 'மர்த்தபான்' என்று பெயர். மோல்மீனுக்கு எதிர்க்கரை மர்த்தபான்தான் அது, பழங்காலத்தில் பெரிய ஜாடிகளுக்குப் பேர்போன துறைமுகம். ஜாடி அனுப்பியே பேர் வாங்கிய நாட்டில் உட்கார்ந்துகொண்டு ஏழு சட்டிக்கு அழுகிறோம்.

மண்சட்டிக்காரி | ஜூலை 8, காலை 11.00

பாய், சட்டிகளை ஒன்றுக்குள் ஒன்று வைக்கலாமா? தனித்தனி என்றால் பெட்டி மிகப் பெரிதாகிறது.

கண்ணாடிக்கடை பாய் | ஜூலை 8, பகல் 12.15

அளவு நன்றாக விட்டு விட்டு இருந்தால் வைக்கலாம். உள்சட்டி வெளிச்சட்டியின் விளிம்பில் தொங்கக் கூடாது, அடியில் உமித் தலையணை போட்டு அதன் மேல் உட்கார வேண்டும், சுற்றிலும் ஒரு விரல் மெத்தை. ஒரே அளவுச் சட்டிகளை அடுக்கவே வேண்டாம். தனியாக வைக்கும் சட்டியின் வயிற்றை வெறுமையாக விடாதீர்கள், கசக்கிய தாளால் லேசாக நிரப்புங்கள். மூடியைச் சட்டி மேல் வைத்துக் கட்டாமல், தனியாகச் சுற்றிப் பக்கத்தில் செருகுங்கள். சட்டிக்கும் சட்டிக்கும் நடுவில் அட்டைத் தடுப்பு. தட்டு அனுப்பினால் படுக்கவைக்காமல், அலமாரியில் புத்தகம் வைப்பது போல நிறுத்தி வையுங்கள், படுத்த தட்டு மேல்சுமையைத் தாங்காது.

ஏழையும் ஒரே பெட்டியில் போடும் ஆசையை விடுங்கள். மூன்று, நான்கு போதும்.

கணக்குப்பிள்ளை | ஜூலை 8, பகல் 12.40

டேப் பற்றி நான் சொல்கிறேன், காசு மிச்சமாகும் இடம். பெட்டியைச் சுற்றிச் சுற்றி மம்மி மாதிரி ஒட்டுகிறவர்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது. நடு இணைப்பு ஒன்று, இரண்டு ஓரங்கள், மேலே அப்படி, கீழே அப்படி. அகலமான பிரவுன் டேப். ஈர அட்டையில் டேப் பிடிக்காது, துடைத்துக் காயவைத்து ஒட்டுங்கள்.

பகான் செப்புக்காரி | ஜூலை 8, மாலை 6.00

அனுப்புவதற்கு முன் ஒரு வேலை: பெட்டியை மூடியதும் காதருகில் வைத்துக் குலுக்கிப் பாருங்கள். சத்தம் வந்தால் திறந்து மறுபடி கட்டுங்கள். நான் வெட்கமில்லாமல் நான்கு தடவை திறந்திருக்கிறேன்.

பழைய லக்கேஜ் கிளார்க் | ஜூலை 8, இரவு 7.15

குலுக்கினால் போதாது, போட்டுப் பாருங்கள். பார்சல் சோதனைக்கென்றே இஸ்டா என்று ஒரு சர்வதேச அமைப்பு இருக்கிறது. ஒன்பதரைக் கிலோவுக்கு உட்பட்ட பெட்டி என்றால் அதன் ஆரம்பக்கட்டச் சோதனையில் 76 செ.மீ. உயரத்திலிருந்து பத்து முறை போடச் சொல்கிறார்கள்: ஒரு மூலை, அந்த மூலையில் சேரும் மூன்று விளிம்புகள், பிறகு ஆறு முகங்கள். 76 செ.மீ. என்பது சாப்பாட்டு மேசை உயரம். ஏற்கெனவே விளிம்பு போன சட்டி ஒன்றை எடுத்து, உண்மையாக அனுப்புவது போலவே கட்டி, மேசையிலிருந்து தள்ளுங்கள். உடைந்தால் வீட்டிலேயே உடைந்து போகட்டும்.

மண்சட்டிக்காரி | ஜூலை 13, இரவு 9.10

தள்ளிப் பார்த்தேன். மாமியார் 'பைத்தியம் பிடித்துவிட்டதா' என்று கேட்டார். முதல் பெட்டியில் நான்காவது தடவையிலேயே சத்தம் கேட்டது. திறந்தால் பாய் சொன்ன அதே கதை, அடிப்பக்கம் மெத்தை போதவில்லை. இரண்டாவது பெட்டியில் அடியில் உமித் தலையணை இரண்டு வரிசை வைத்தேன். பத்துத் தடவையும் தாங்கியது. பதினோராவதாக மாமியாரே ஒரு தடவை தள்ளினார்.

சிங்கப்பூர் மருமகன் | ஜூலை 14, காலை 7.30

நடுவில் ஒரு வார்த்தை. வெளிநாட்டுக்கு அனுப்பும் எண்ணம் இருந்தால் உமி, வைக்கோல் வேண்டாம். ஆஸ்திரேலியா போன்ற நாடுகள் பூச்சி, நோய் வரும் என்று அவற்றை அனுமதிப்பதில்லை. மரப்பெட்டி என்றால் மரத்தின் உள்பாகம் வரை 56 டிகிரி செல்சியஸ் சூட்டில் 30 நிமிடம் பதப்படுத்திய முத்திரை கேட்பார்கள். தாளும் பபிளும் போட்டால் தொல்லை இல்லை.

மண்சட்டிக்காரி | ஆகஸ்ட் 3, இரவு 10.05

கணக்கு கொடுக்க வந்திருக்கிறேன். இந்த மூன்று வாரத்தில் மாண்டலேக்கு நான்கு பெட்டி, மோல்மீனுக்கு இரண்டு. சட்டி ஒன்றுகூட உடையவில்லை.

ஆனால் ஊறுகாய் காலை வாரிவிட்டது. கண்ணாடி பாட்டில் முழுசாகப் போயிருக்கிறது, எண்ணெய் மட்டும் மூடி வழியே கசிந்து பெட்டியெல்லாம் ஆகிவிட்டது. எண்ணெய் பட்ட அட்டை அப்பளம் மாதிரி. அதே பெட்டியில் இருந்த இரண்டு சட்டியும் எண்ணெய் குடித்துவிட்டன. வாங்கியவர் 'பழக்கிய சட்டியாகவே அனுப்பிவிட்டீர்கள்' என்று சிரித்தார். எல்லோரும் சிரிக்க மாட்டார்கள்.

கண்ணாடிக்கடை பாய் | ஆகஸ்ட் 4, காலை 9.50

ஊறுகாயையும் சட்டியையும் ஒரே பெட்டியில் போட்டது முதல் தப்பு. பாட்டிலைக் கழுத்து வரை நிரப்பினீர்களா? சூட்டில் எண்ணெய் விரியும், இடம் இல்லையென்றால் மூடியைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். ஒரு விரல் இடம் விடுங்கள். பாட்டில் வாயை ஒரு சொட்டு எண்ணெய் இல்லாமல் துடைத்து, உள்ளே சீல் தாள் ஒட்டி, பிறகு மூடி. மூடியைச் சுற்றி டேப், மூடி திருகும் திசையிலேயே சுற்ற வேண்டும், எதிர்த்திசையில் சுற்றினால் நீங்களே திறந்துவிட்டது போல. அப்புறம் ஒவ்வொரு பாட்டிலையும் இரண்டு பாலிதீன் பைக்குள் தனித்தனியாகக் கட்டி, நடுவில் கொஞ்சம் செய்தித்தாள். கசிந்தாலும் பைக்குள்ளேயே கிடக்கும். எப்போதும் நிறுத்தித்தான் வைக்க வேண்டும், அம்புக்குறி இதற்குத்தான்.

கணக்குப்பிள்ளை | ஆகஸ்ட் 4, காலை 10.30

பேசாமல் பிளாஸ்டிக் டப்பாவில் போடுங்களேன்.

மண்சட்டிக்காரி | ஆகஸ்ட் 4, காலை 10.45

ஊறுகாயைப் பிளாஸ்டிக்கில் போட்டால் எங்கள் அம்மா கனவில் வந்து திட்டுவார் அண்ணே.

மோல்மீன் மாப்பிள்ளை | ஆகஸ்ட் 9, மாலை 4.20

அந்த மோல்மீன் பெட்டி இரண்டில் ஒன்று என்னுடையது. வாங்குகிறவன் பக்கத்திலிருந்து இரண்டு விஷயம். பெட்டிக்குள் மேலேயே ஒரு சீட்டு வைத்து, எதை முதலில் எடுக்க வேண்டும், மூடி எங்கே இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். இல்லையென்றால் மூடியைக் குப்பைத் தாளோடு தூக்கிப் போட்டிருப்பேன். கத்தியால் ஆழமாகக் கிழிக்க வேண்டாம் என்று எழுதியதும் நல்லது. திறக்கும்போது போனில் படம் பிடித்து அனுப்பச் சொன்னது முதலில் எரிச்சலாக இருந்தது, பிறகு புரிந்தது: உடைந்திருந்தால் யாரும் யாரையும் சந்தேகப்பட வேண்டியதில்லை.

ஒரு கேள்வி. சட்டியில் நேற்று மீன்குழம்பு வைத்தாயிற்று. பெட்டியில் இருந்த உமிப் பைகள் பதினெட்டு. அதை என்ன செய்வது?

மண்சட்டிக்காரி | ஆகஸ்ட் 9, மாலை 5.00

வைத்திருங்கள் தம்பி. உங்கள் அண்ணி யாங்கோன் வரும்போது கொடுத்தனுப்புங்கள், அடுத்த பெட்டிக்கு ஆகும்.

பெகு வயல்காரன் | ஆகஸ்ட் 9, மாலை 5.05

கடைசியில் உமிதானே? கிளார்க் ஐயா எங்கே?